பழியும் பொறுப்பும்: காவிரிக் கடைமடையை முன்வைத்துத் தமிழ் இலக்கியத்தில் கூட்டுப் பொறுப்பும் வரலாற்று நினைவும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சமூகத்தின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமைக்கு அச்சமூகத்தின் பிற உறுப்பினர்கள் எவ்வகையில் பொறுப்பாவர் என்னும் வினாவைத் தமிழ் இலக்கியம் எதிர்கொண்ட முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. காரைக்கால் பகுதியின் பட்டினச்சேரியை ஒட்டிய திருமலைராயன்பட்டினத்தின் காளமேகப் புலவர் மரபுக்கதை, சிலப்பதிகாரத்தின் மதுரை எரிப்பு, பழையனூர் வேளாளர் கதை ஆகிய மூன்றும் மரபின் மூன்று விடைகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றின் துணையோடு 1968ஆம் ஆண்டு கீழ்வெண்மணிப் படுகொலையைப் பொருளாகக் கொண்ட நவீன எழுத்துகள் நோக்கப்படுகின்றன. முன்னோரின் புகழை உரிமை கொண்டாடும் அடையாளம் அவர்தம் பழியையும் உரிமையாக ஏற்கக் கடமைப்பட்டது என்பதும், வாசகரை வெளியே நிற்க விடாத எழுத்தே இக்கடமையை உணர்த்த வல்லது என்பதும் கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பழி, கூட்டுப் பொறுப்பு, வரலாற்று நினைவு, அடையாளம், திருமலைராயன்பட்டினம், கீழ்வெண்மணி.

முன்னுரை

காரைக்கால் நகருக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தின் கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர் பட்டினச்சேரி. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சவுரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காக இக்கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். பெருமாளின் தேவியருள் ஒருவரான பத்மினி நாச்சியார் மீனவர் குலத்தில் பிறந்தவர் என்பது நம்பிக்கை. ஆகவே இவ்வூரார் இறைவனை ‘மாப்பிள்ளை’ என்று அழைத்து வரவேற்கின்றனர். இது உறவின் நினைவு.

இதே திருமலைராயன்பட்டினத்துக்கு வேறொரு நினைவும் உண்டு. காளமேகப் புலவர் அறம் பாடியதால் மண்மாரி பொழிந்து இவ்வூர் அழிந்தது என்பது தமிழ்ப் புலமை உலகம் நன்கறிந்த கதை. இது சாபத்தின் நினைவு. ஓர் ஊர் தன்னை உறவாலும் நினைக்கலாம், சாபத்தாலும் நினைக்கலாம். உறவை ஊரார் விழாவாகக் கொண்டாடுகின்றனர். சாபமோ புலவர் கதையாக மட்டும் எஞ்சி நிற்கிறது. பெருமிதத்துக்குரியதை ‘நம்முடையது’ என்பதும், நாணத்துக்குரியதை ‘யாரோ செய்தது’ என்பதும் ஓர் ஊருக்கு மட்டும் உரிய இயல்பன்று. மொழி, சாதி, நாடு ஆகிய எல்லா அடையாளங்களிலும் இவ்வியல்பு காணப்படுகிறது. இவ்வியல்பை எழுத்தாளர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

குற்றம், பழி, பொறுப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செருமானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் வெளியிட்ட நூலில் குற்றத்தை நான்காகப் பகுத்தார். சட்டத்தை மீறியவருக்கு உரியது குற்றவியல் குற்றம். ஓர் அரசின் செயலுக்கு அதன் குடிமக்கள் அனைவரும் ஏற்க வேண்டியது அரசியல் குற்றம். தனி மனிதர் தம் மனச்சான்றின் முன் உணர்வது அறவியல் குற்றம். பிற மனிதர் அழியும்போது தாம் உயிரோடு எஞ்சியதனாலேயே உணரப்படுவது மெய்ப்பொருளியல் குற்றம். இவற்றுள் முதலாவதை மட்டுமே நீதிமன்றம் விசாரிக்க இயலும்.

ஹன்னா அரெண்ட் இதனை மேலும் கூர்மைப்படுத்தினார். கூட்டுப் பொறுப்பு பற்றி 1968 டிசம்பரில் அவர் ஆற்றிய உரையில், குற்றம் என்றும் தனி மனிதருக்கே உரியது, பொறுப்போ கூட்டத்துக்கும் உரியதாகலாம் எனப் பிரித்துரைத்தார். எல்லாரும் குற்றவாளிகள் என்று கூறுவது உண்மைக் குற்றவாளிக்கு மறைவிடம் தந்துவிடும் என்பது அவர் எச்சரிக்கை. ஆயினும் ஒரு சமூகத்தின் உறுப்பினராக வாழ்பவர், தாம் செய்யாத செயலுக்கும் அச்சமூகத்தின் பெயரால் விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

இப்பிரிவு தமிழுக்குப் புதியதன்று. ‘பழி’ என்னும் ஒரே சொல் குற்றத்தையும், அதனால் வரும் நிந்தையையும், அதற்கு ஈடாக எடுக்கப்படும் வஞ்சத்தையும் குறிக்கும். ‘பழி சுமத்துதல்’, ‘பழி ஏற்றல்’, ‘பழி வாங்குதல்’, ‘பழிக்கு நாணுதல்’ என்னும் நான்கு வழக்குகளும் ஒரு கொடுஞ்செயலுக்குப் பின் ஒரு சமூகம் கொள்ளக்கூடிய நான்கு நிலைகளைக் காட்டுகின்றன. திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் இவற்றுள் இறுதியானதை மிக நுட்பமாகப் பேசுகிறது. தமக்கு வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறருக்கு வரும் பழிக்கும் நாணுபவரையே நாணத்தின் உறைவிடமாக உலகம் கருதும் என்பது 1015ஆம் குறளின் கருத்து. பிறர் பழிக்கு நாணுபவர் அதனைச் செய்தவர் அல்லர். ஆயினும் அவர் விலகி நிற்பதில்லை. குற்றமற்றவரும் பொறுப்புடையவராகும் நிலை இதுவே. பழியைச் சுமத்துவது, வாங்குவது, ஏற்பது என்னும் நிலைகளை இலக்கியம் எவ்வாறு சித்திரிக்கிறது என்பதைக் காண, மரபிலிருந்து மூன்று கதைகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திருமலைராயன்பட்டினம்: சபிக்கப்பட்ட ஊர்

காளமேகப் புலவர் பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்படுகிறார். திருமலைராயன் அவைக்கு வந்த அவரை அவைப்புலவர் தலைவரான அதிமதுரகவியும் பிறரும் மதிக்கவில்லை. எமகண்டம் என்னும் கடும் சோதனையில் வென்ற பின்னரும் மன்னன் அவருக்கு உரிய சிறப்பைச் செய்யவில்லை. வெகுண்ட புலவர் மண்மாரி பொழிய அறம் பாடினார் என்பது கதை. இது வரலாற்று நிகழ்ச்சி என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. கடற்கரை மணல்மேடுகளுக்கு மக்கள் மனம் தந்த விளக்கமாகவும் இதனைக் கருத இடமுண்டு. இங்கு நோக்கத்தக்கது, பழி யார் மீது சுமத்தப்படுகிறது என்பதே.

தனிப்பாடல் மரபில் இந்நிகழ்ச்சியோடு இணைத்து இரண்டு வெண்பாக்கள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றில் ‘ஊர்’ என்னும் சொல்லே அடுக்கி வருகிறது. தீயவர் இருக்கும் ஊர், வஞ்சம் கற்ற ஊர் என ஊரையே குற்றவாளியாக நிறுத்தி, அதன்மீது மண்மாரி பொழியுமாறு வானத்தைப் பாடல் ஏவுகிறது. மற்றொன்று திருமலைராயனைப் பெயர் சுட்டி, செய்யத் தகாததைச் செய்தவன் எனக் கூறி, தீயோர் மண்மாரியால் அழிய வேண்டுமென இறைவனிடம் முறையிடுகிறது. முதலாவதில் இலக்கு ஊர். இரண்டாவதில் இலக்கு தீயோர். ஒரே சினம், ஒரே தண்டனை. ஆனால் பழி சுமத்தப்படும் எல்லை வேறுபடுகிறது.

அவையில் நேர்ந்த அவமதிப்பில் ஊரிலிருந்த உழவர்க்கும் பரதவர்க்கும் பங்கில்லை. எனினும் கதையில் மணல் அவர்கள் வீட்டின் மீதும் பொழிகிறது. அறம் பாடும் புலவர் வெளியூரிலிருந்து வந்தவர், பாடிவிட்டு நீங்கிவிடுபவர். தாம் சபிக்கும் ஊரோடு அவருக்கு உறவில்லை. புறத்தே நின்று ஓர் ஊர் முழுவதையும் பழிக்கும் எழுத்துக்கு இது முன்மாதிரி. அவ்வெழுத்தின் வலிமை அதன் சினம். குறை அதன் பகுத்தறியாமை.

மதுரை: தேர்ந்து சுட்ட தீ

காளமேகம் பாடிய ஊரின் வடக்கே, அதே கடற்கரையில் உள்ள பூம்புகாரிலிருந்து புறப்பட்ட கண்ணகியின் கதை இரண்டாம் விடையைத் தருகிறது. அரசவையில் வழக்குரைத்துக் கணவன் கள்வன் அல்லன் என அவள் மெய்ப்பித்தபோது, தானே கள்வன் எனக் கூறிப் பாண்டியன் உயிர் துறக்கிறான். குற்றம் புரிந்தவன் குற்றத்தை ஏற்றுக்கொண்டான். குற்றவியல் நோக்கில் வழக்கு அங்கே முடிந்துவிட வேண்டும். ஆனால் இளங்கோவடிகள் முடிக்கவில்லை. கோமகன் குற்றம் நகரின் குற்றமுமாகிறது. தவறான தீர்ப்பு நிறைவேறும் வரை வாய் திறவாதிருந்த நகரத்தை நோக்கி, இங்குச் சான்றோரும் உளரோ என வஞ்சினத்துக்கு முன்பே கண்ணகி வினவிவிட்டாள்.

எனினும் வஞ்சின மாலையில் தீக்கடவுளுக்கு அவள் இடும் ஆணை காளமேகத்தின் அறத்திலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேருமாறு அவள் கூறுகிறாள். இன்றைய வாசகர் இப்பட்டியலின் வருண நோக்கை விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆயினும் ஊர் முழுவதும் பொறுப்பு என்பதையும், ஊர் முழுவதும் குற்றவாளி அன்று என்பதையும் ஒரே இடத்தில் வைக்க முயன்ற பனுவல் இது. முதியோரையும் குழந்தைகளையும் தீ தீண்டலாகாது என்னும் இந்நிபந்தனை, பின்வரும் வெண்மணியை வாசிக்கும்போது மீண்டும் நினைவுக்கு வரும்.

பழையனூர்: ஊர் ஏற்ற பொறுப்பு

மூன்றாம் விடை தொண்டை நாட்டிலிருந்து வருகிறது. காரைக்காலம்மையார் இறுதியில் சென்று அடைந்த திருவாலங்காட்டை ஒட்டிய ஊர் பழையனூர். முற்பிறவிப் பகையைத் தீர்க்கப் பெண் வடிவில் வந்த நீலியைக் கண்டு வணிகன் ஒருவன் அஞ்சுகிறான். அவளை அவன் மனைவி என நம்பிய வேளாளர் எழுபதின்மர், அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் உயிரைத் தருவதாக உறுதி கூறி, அவளோடு தங்கச் செய்கின்றனர். வணிகன் கொல்லப்படுகிறான். எழுபதின்மரும் தீப்புகுந்து சொல்லைக் காக்கின்றனர். சேக்கிழார் இதனைத் தொண்டை நாட்டின் பெருமைகளுள் ஒன்றாகப் போற்றுகிறார்.

கொலை செய்தவர் நீலி, வேளாளர் அல்லர். அவர்கள் வஞ்சிக்கப்பட்டவர்கள். ஆயினும் ‘எமக்குத் தெரியாது’ என்று கூறி அவர்கள் விலகவில்லை. தாம் சேர்ந்து எடுத்த முடிவின் விளைவைச் சேர்ந்தே ஏற்றனர். அரெண்ட் வரையறுத்த குற்றமற்ற பொறுப்புக்குத் தமிழில் இதனினும் தெளிவான கதையைக் காண்பது அரிது. திருமலைராயன்பட்டினத்தில் பழி சுமத்தப்பட்டது; மதுரையில் பழி வாங்கப்பட்டது; பழையனூரில் பழி ஏற்கப்பட்டது.

இக்கதைக்கு ஒரு பின்விளைவும் உண்டு. எழுபதின்மரின் தியாகம் பிற்காலத்தில் குலப்பெருமையாக நினைவுகூரப்பட்டது. அவர்கள் செய்த செயலைத் தாம் செய்யாத வழித்தோன்றல்களும் அதன் புகழில் பங்கு கொண்டனர். இது இயல்பானதே. ஆனால் இங்கிருந்தே கூட்டுப் பொறுப்பின் மைய வினா எழுகிறது. தாம் செய்யாத நற்செயலின் புகழைப் பிறப்பால் பெற இயலுமெனில், தாம் செய்யாத தீச்செயலின் பழியைப் பிறப்பைக் காரணம் காட்டி எவ்வாறு மறுக்க இயலும்? இவ்வினாவைத் தவிர்க்க முடியாதபடி எழுப்பிய நிகழ்ச்சி காவிரிக் கடைமடையில் நிகழ்ந்தது.

வெண்மணி: நீதிமன்றம் கேட்ட வினா

அரெண்ட் கூட்டுப் பொறுப்பைப் பற்றி உரையாற்றிய அதே மாதம், 25.12.1968 இரவு, அன்றைய கீழைத் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோரே அவர்களுள் மிகப் பெரும்பாலோர். அனைவரும் தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தாக்க வந்தவர்களுக்கு அஞ்சி இராமையா என்பவரின் குடிசையில் அவர்கள் அடைக்கலம் புகுந்திருந்தனர். கண்ணகியின் தீ விலக்கியவர்களையே இத்தீ உண்டது.

இதன் பின்னணியில் நெடிய வரலாறு உண்டு. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த பண்ணையாள் முறைக்கு எதிராக 1940களில் பி. சீனிவாசராவ் உள்ளிட்டோர் இப்பகுதியில் விவசாயத் தொழிலாளர்களை அணிதிரட்டினர். தஞ்சை மாவட்டத்துக்கெனப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. 1960களின் இறுதியில் தொழிலாளர்கள் கூடுதல் நெற்கூலி கேட்டனர். நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கமாகத் திரண்டனர். படுகொலைக்குப் பின் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டுக் கூலி குறித்து ஆராய்ந்தது. நியாயக் கூலிச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது.

நீதிமன்றத்தில் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. 1970இல் அமர்வு நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வமும் கார் வசதியும் உடைய பெரும் நிலக்கிழார்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என நம்ப இயலவில்லை என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்று, இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. தீக்குச்சியைக் கிழித்த கை எது என்பதே நீதிமன்றத்தின் வினா. அக்கையைத் தூண்டிய சங்கம், அதனைத் தாங்கிய நிலவுடைமை, அதனை இயல்பெனக் கருதிய சாதி ஒழுங்கு, அறிந்தும் வாளாவிருந்த அண்டை ஊர்கள் ஆகியவை அவ்வினாவின் எல்லைக்குள் வரவில்லை. சட்டம் கேட்க இயலாத இவ்வினாக்களைக் கேட்கும் பணி இலக்கியத்திடம் வந்து சேர்ந்தது.

வெண்மணி எழுத்துகள்: நால்வகை விடைகள்

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வெளிவந்து 1977இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. தில்லியிலிருந்து வந்து ஒரு சிற்றூரில் தங்கிவிட்ட கோபாலும், அவனைத் தேடி வரும் நண்பன் சிவாவும் இந்நாவலின் பார்வையாளர்கள். நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு ஊற்றாக அவனது ஆண்மைக் குறைபாடு பற்றிய தாழ்வுணர்ச்சியை நாவல் காட்டுகிறது. உளவியல் விளக்கம் வர்க்கப் போராட்டத்தை மறைத்துவிடுகிறது என இடதுசாரித் திறனாய்வாளர்கள் இதனைக் கடுமையாக விமர்சித்தனர். கூட்டுப் பொறுப்பின் நோக்கில் இவ்விமர்சனத்துக்கு வேறொரு வடிவமும் தரலாம். கொடியவன் ஒருவனின் உடற்குறை காரணமாகும்போது, அக்குறை இல்லாத ஏனையோர் அனைவரும் விடுவிக்கப்படுகின்றனர். நீதிமன்றத்தைப் போலவே நாவலும் தனி மனிதன் ஒருவனைத் தேடுகிறது. நீதிமன்றம் தவறவிட்டவனை நாவல் பிடித்துக்கொள்கிறது. இருப்பினும் படித்த நகர்ப்புற மனிதர்கள் இக்கொடுமையின் முன் கையற்று நிற்பதை வெளிப்படையாகக் காட்டியது இந்நாவலின் நேர்மை. 1983இல் வெளிவந்த ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ திரைப்படத்துக்கு இந்நாவலே அடிப்படை.

சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ 1999இல் வெளிவந்தது. ஆசிரியர் திருவாரூர் வட்டாரத்தைச் சேர்ந்தவர். அப்பகுதியின் பேச்சுமொழியிலேயே நாவல் இயங்குகிறது. வயல் வேலை, கூலி அளவை, சங்கம் வளர்ந்த முறை, சேரிக்கும் ஊருக்கும் இடையிலான அன்றாட இறுக்கம் ஆகியவற்றினூடே படுகொலை வந்து சேர்கிறது. ஒருவனின் உள்ளக் கோளாறு என்னும் விளக்கத்துக்கு இங்கு இடமில்லை. ஒவ்வொரு நாளும் இயல்பாக நிகழ்ந்த சிறு கொடுமைகளின் தொடர்ச்சியாக அந்த இரவு காட்டப்படுகிறது. எனவே பொறுப்பும் பரவுகிறது. தீ வைத்தவரோடு, அந்த அன்றாடத்தில் பங்கு கொண்டவர்களும் பயன் பெற்றவர்களும் வாசகரின் முன் நிற்கின்றனர். உள்ளூர் எழுத்தாளர் தம் மண்ணை நோக்கிப் பேசுவதால், இது காளமேகத்தைப் போல் பாடிவிட்டு நீங்கும் குரலன்று.

கவிஞர் இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ என்னும் பாடல் வெண்மணிக் கொடுமையின் எதிர்வினையாக எழுந்து, கே. ஏ. குணசேகரனின் குரலில் தமிழகமெங்கும் பரவியது. தலைப்பே முன்னிலையை நோக்கிய ஓர் அறைகூவல். யாருக்கு இது சொல்லப்படுகிறது? மனிதர் என்பதை ஏற்க மறுத்தவர்களுக்கு. மேடையில் இப்பாடல் பாடப்படும்போது அந்த முன்னிலை கேட்போர் பக்கம் திரும்புகிறது. கேட்பவர் தாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதைத் தமக்குள் உறுதிசெய்துகொள்ள வேண்டியவராகிறார்.

மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 2014இல் வெளிவந்து, தமிழில் ‘குறத்தியம்மன்’ என்னும் பெயரைப் பெற்றது. இந்நாவலின் கதைசொல்லி தன் தகுதியைத் தானே ஐயுறுகிறாள். வாசகரை நேரடியாக விளித்து எள்ளுகிறாள். கதை சுவையாக இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பையே குற்றஞ்சாட்டுகிறாள். நிலவுடைமையாளரின் மனு, துண்டறிக்கை, விசாரணைக் குறிப்பு ஆகிய ஆவண வடிவங்களை எடுத்தாண்டு, ஆவணம் எவ்வாறு உண்மையை மறைக்கிறது என்பதைக் காட்டுகிறாள். எரிப்பைச் சொல்லும் பகுதி நிறுத்தமின்றி நீளும் ஒரே வாக்கியமாக அமைகிறது. மூச்சு வாங்க இடமில்லாத அவ்வாக்கியத்தில் வாசகர் பாதியில் நின்று வெளியேற இயலாது. படிப்பதும் ஒரு பொறுப்பே என்பதை இந்நாவல் வடிவத்தாலேயே உணர்த்துகிறது.

இந்நான்கையும் ஒப்பிடும்போது ஓர் அளவுகோல் தெளிவாகிறது. குற்றவாளியைச் சரியாக இனங்கண்டதா என்பது மட்டும் ஒரு படைப்பின் அறத்தை அளக்கப் போதாது. வாசகர் வெளியே நின்று ‘நல்லவேளை, நான் அவனல்லன்’ என்று ஆறுதல் கொள்ள அது இடம் தருகிறதா என்பதும் அளவுகோலாக வேண்டும். ‘குருதிப்புனல்’ அவ்விடத்தை ஓரளவு தருகிறது. ‘செந்நெல்’ அதனைக் குறைக்கிறது. ‘மனுசங்கடா’ நேர்நின்று கேட்கிறது. ‘குறத்தியம்மன்’ வாசகரின் இருக்கையையே அசைக்கிறது. உயிர் பிழைத்தோரின் சொற்களைப் பதிவு செய்த பாரதி கிருஷ்ணகுமாரின் ‘இராமையாவின் குடிசை’ ஆவணப்படம் (2005), இப்புனைவுகள் அனைத்துக்கும் உரைகல்லாக அமைகிறது. புனைவு எவ்வளவு நுட்பமானதாயினும், சாட்சியின் முன் அது விடை கூற வேண்டியதே.

எல்லைகள் தரும் விலகல்

பொறுப்பிலிருந்து விலக மனம் தேடும் வழிகளுள் எல்லைக்கோடு முதன்மையானது. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. நிலப்பக்கமெங்கும் சூழ்ந்த தஞ்சைப் பகுதியின் அதே காவிரி நீரும் அதே நெல் வேளாண்மையும் இங்கும் உள்ளன. எனினும் சட்டமும் நிர்வாகமும் வேறு. 1952ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது காரைக்கால் இன்னும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. ‘அது அவர்கள் பகுதியில் நிகழ்ந்தது’ என்று கூறுதல் இத்தகைய நிலப்பகுதியில் எளிது.

எதிர்த்திசையிலும் இவ்விலகல் நிகழ்கிறது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின், ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் அனுப்பப்பட்டனர். அவர்கள் கப்பலேறிய துறைமுகங்களுள் காரைக்காலும் ஒன்று. இதனைப் பிரெஞ்சு ஆட்சியின் குற்றமாக மட்டும் எழுதிவிடுதல் எளிது. ஆனால் ஆள்பிடித்த முகவர்களும், பிடிபடும் நிலைக்கு மக்களைத் தள்ளிய பஞ்சமும் பண்ணைக் கொடுமையும் இம்மண்ணைச் சேர்ந்தவை. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாடினார். புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற குடும்பத்தை எழுதினார். ‘துன்பக்கேணி’யின் சிறப்பு, துயரத்தைத் தோட்டத்தில் தொடங்காமல் சொந்த ஊரில் தொடங்குவதாகும். அந்நியனைக் குற்றஞ்சாட்டும் முன் ஊரைப் பார்க்கச் சொல்கிறது அக்கதை.

பாக் நீரிணைக்கு அப்பால்: பாதிக்கப்பட்டவரின் பொறுப்பு

இதுவரை கண்டவற்றில் ஒடுக்கியவர், ஒடுக்கப்பட்டவர் என்னும் பிரிவு தெளிவாக இருந்தது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகமே பிறருக்குத் தீங்கிழைக்கும்போது வினா மேலும் கடினமாகிறது. கடைமடைக் கரையிலிருந்து நீரிணையைக் கடந்தால் அடையும் யாழ்ப்பாணம் இதற்கு எடுத்துக்காட்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, எம். ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையை எழுதினார். எரித்தவர்கள் எந்தச் சமயத்தின் பெயரால் வாழ்கிறார்களோ அச்சமயத்தின் தலைவரையே கொலையுண்டவராக்கி, பெரும்பான்மையினரின் மனச்சான்றை நோக்கி அக்கவிதை பேசியது. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோதோ, அதே வினா தமிழர் பக்கம் திரும்பியது.

பெருந்துயரில் வாழும் சமூகத்திடம் அதன் தவற்றைச் சுட்டுவது எளிதன்று. காட்டிக்கொடுப்பு எனக் கருதப்படும் இடரும் உண்டு. ஷோபாசக்தியின் ‘ம்’ நாவல் இவ்விடரை ஏற்றது. 1983ஆம் ஆண்டு வெலிக்கடைச் சிறைப் படுகொலையைத் தன் களங்களுள் ஒன்றாகக் கொண்ட இந்நாவல், தமிழர் பட்ட கொடுமையையும் தமிழரின் உள்வன்முறையையும் ஒரே பனுவலில் வைக்கிறது. கதை கேட்பவர் இடையிடையே எழுப்பும் ‘ம்’ என்னும் ஒலி இதன் தலைப்பு. கேட்டுக்கொண்டிருந்ததற்கு அடையாளமான அவ்வொலியே உடன்பட்டதற்கும் அடையாளமாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் என்னும் நிலை பொறுப்பிலிருந்து விடுதலை தருவதில்லை என்பதைத் தமிழ்ப் புனைவு இவ்வாறு எழுதிக் காட்டியது.

நிறைவுரை

காவிரிக் கடைமடை ஆண்டுதோறும் அடுத்தடுத்த இரு நாள்களில் இறந்தோரை நினைக்கிறது. டிசம்பர் 25இல் வெண்மணி நினைவிடத்தில் மக்கள் கூடுகின்றனர். டிசம்பர் 26இல் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் மாண்டவர்களுக்குக் காரைக்கால், நாகப்பட்டினக் கடற்கரை ஊர்கள் அஞ்சலி செலுத்துகின்றன. கடல் கொண்டவர்களுக்காக அழும்போது எவரும் எவர் மீதும் பழி கூற வேண்டியதில்லை. ஊர் முழுவதும் ஒன்றாக அழ முடிகிறது. வெண்மணிக்காக அவ்வாறு அனைவரும் ஒன்றாக அழ இன்னும் இயலவில்லை. அழுவதற்கு முன் ஒரு பகுதியினர் நாண வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

இந்த இடைவெளியில்தான் இலக்கியத்தின் பணி அமைகிறது. ஊரைச் சபித்துவிட்டு நீங்கும் காளமேகத்தின் வழி பொறுப்பைப் பரப்புகிறது. ஆனால் குற்றமற்றவரையும் மணலால் மூடுகிறது. தனி ஒருவனைத் தேடும் நீதிமன்றத்தின் வழி குற்றமற்றவரைக் காக்கிறது. ஆனால் பொறுப்பை மூடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, குற்றத்தைச் செய்தவர் மீது வைத்துப் பொறுப்பை அனைவர் மீதும் வைக்கும் வழியைச் சிறந்த படைப்புகள் தேடியுள்ளன. பழையனூர் எழுபதின்மர் உயிரால் செய்ததை, குறள் 1015 நாணத்தால் செய்யச் சொன்னதை, நவீன எழுத்து வாசிப்பால் செய்ய முயல்கிறது.

கீழைத் தஞ்சைப் பகுதிக் கல்லூரி வகுப்பறைகளில் வெண்மணி நாவல்கள் பாடமாகும்போது, நிலமுடைய குடும்பத்தின் பிள்ளையும் கூலி கேட்ட குடும்பத்தின் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்கக்கூடும். அங்கு ஆசிரியர் சபிப்பவராக இருந்தால் ஒருவர் மனம் மூடிக்கொள்ளும். பழைய கதை என்று கடந்து சென்றால் மற்றவர் மனம் மூடிக்கொள்ளும். குற்றத்துக்கும் பொறுப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்குவது அவ்வகுப்பறையின் முதற்கடமை. இவ்வேறுபாடு தெளிவானால், தாத்தாவின் செயலுக்காகப் பேரன் குற்றவாளியாக வேண்டியதில்லை. ஆனால் தாத்தாவின் நிலத்தையும் பெயரையும் ஏற்றுக்கொண்டு அந்த இரவை மட்டும் மறுக்கவும் இயலாது.

பட்டினச்சேரியில் மாசி மகத்தன்று ஊரார் இறைவனை ‘மாப்பிள்ளை’ என அழைக்கும்போது, குல எல்லையைக் கடந்த ஓர் உறவு ஒரு நாள் மெய்யாகிறது. திருக்கண்ணபுரத்திலிருந்து புறப்படும் பல்லக்கு, மாநில எல்லையையும் கடந்தே கடற்கரையை அடைகிறது. உறவு என்பது பெருமையில் மட்டும் பங்கு கேட்பதன்று. பழியிலும் பங்கு கேட்பது. அவ்வொரு நாளின் உறவை ஆண்டின் ஏனைய நாள்களுக்கும் நீட்டிக்க வேண்டுமெனில், சேரியில் எரிந்த தீயை ஊர் தன் நினைவாக ஏற்க வேண்டும். வெண்மணியைப் பற்றிய நல்ல எழுத்துகள் தம் வாசகரிடம் கேட்பது இதுவே.